சுவரில் முட்டிக்கொள்வதற்குச் சம்பளம்

"வீடியோ கேம் விளையாடினால் சம்பளம் தருவார்களாம்!"

இந்த ஒரு வரியைக் கேட்டால் போதும், செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருப்பவன்கூடப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து உட்காருவான். ஏசி ரூம், பெரிய டிவி, கையில் கண்ட்ரோலர், இன்னும் கடைக்கே வராத கேம், மாதக் கடைசியில் சம்பளம். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? "எப்பப் பார்த்தாலும் கேம், போய்ப் படிடா" என்று வீட்டில் திட்டு வாங்கியே வளர்ந்தவர்களுக்கு இதைவிட இனிமையான பழிவாங்கல் கிடையாது.

அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறது. கேம் டெஸ்டர் என்று பெயர். ஆபீஸ் பாஷையில் க்யூ.ஏ., அதாவது தரம் பார்க்கும் ஆள். மேலே சொன்ன வர்ணனையில் ஏசி, டிவி, கண்ட்ரோலர் மூன்றும் சரி. "விளையாட்டு" என்கிற இடத்தில்தான் கொஞ்சம் இடிக்கிறது. நிஜமாகவே இடிக்கிறது, சுவரில்!

சுவர் பார்க்கும் உத்தியோகம்

ஒரு கேமில் ஹீரோ ஓடுகிறான். சுவர் வந்தால் நிற்க வேண்டும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். கம்ப்யூட்டருக்குச் சுவர் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கு அது ஒரு படம், அவ்வளவுதான். "இதற்குள் ஆள் போகக் கூடாது" என்று யாரோ ஒருவர் ஒவ்வொரு சுவருக்கும் தனியாகச் சொல்லி வைத்திருக்க வேண்டும். எங்கேயாவது ஓர் ஓரத்தில் விட்டுப்போனால், ஹீரோ சுவருக்குள் புகுந்து, தரையைத் தாண்டி, உலகத்துக்கு அடியில் உள்ள வெற்றிடத்தில் விழுந்துகொண்டே இருப்பான்.

அந்த ஓரம் எது என்று கண்டுபிடிப்பதுதான் டெஸ்டரின் முதல் வேலை. புதிதாகச் சேரும் ஆளுக்கு ஒரு லெவலைக் கொடுத்து, "இதில் இருக்கிற எல்லாச் சுவரிலும் மோது" என்பார்கள். எல்லாச் சுவரிலும் என்றால் எல்லாச் சுவரிலும்தான். நடந்து மோத வேண்டும், ஓடி மோத வேண்டும், குதித்து மோத வேண்டும், தவழ்ந்து மோத வேண்டும், குதிரை இருந்தால் குதிரையோடு மோத வேண்டும். மூலை மூலையாகப் போய் இதையே திரும்பச் செய்ய வேண்டும். அன்றைக்கு முழுக்க அதுதான். எதிரியைச் சுடுவதோ, கதை என்ன ஆகிறது என்று பார்ப்பதோ கிடையாது. மறுநாள் புரோகிராமர் புது பில்ட் கொடுப்பார். நேற்று சரியாக இருந்த சுவர் இன்றைக்கும் சரியாக இருக்கிறதா? மறுபடி முதலிலிருந்து மோது.

இதற்கு ரெக்ரஷன் டெஸ்டிங் என்று பெயர். ஒன்றைச் சரி செய்யும்போது இன்னொன்று கெட்டுப்போவது சாஃப்ட்வேரின் பிறவிக் குணம். அதனால் பழையதையும் திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும். ஒரு டெஸ்டர் அதே லெவலை ஒரு வருஷத்தில் நூற்றுக்கணக்கான தடவை முடித்திருப்பார். உலகத்திலேயே மிகவும் பிடித்த பாட்டை வருஷம் முழுக்கத் தினம் எட்டு மணி நேரம் போட்டுக் கேட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகும்.

இன்னொரு வகை இருக்கிறது, சோக் டெஸ்ட். ஊற வைப்பது! ஊறுகாய் மாதிரி கேமை அப்படியே ஓடவிட்டு, 24 மணி நேரம் கழித்து வந்து பார்ப்பது. மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகியிருந்தால் அப்போதுதான் தெரியும். நீண்ட நேரம் ஆடினால் மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் எவ்வளவு பொல்லாதவை என்பதற்கு 2011-ல் வந்த ஸ்கைரிம் நல்ல உதாரணம். பிளேஸ்டேஷன் 3-ல் ஆடியவர்களுக்கு முதலில் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. பல மணி நேரம் ஆடி, சேவ் ஃபைல் பெருக்கப் பெருக்க, கேம் நத்தை மாதிரி ஊர ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் ஆடிப் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, எழுதத் தெரிய வேண்டும்

கேம் டெஸ்டருக்கு வேண்டிய முக்கியமான திறமை எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "நன்றாக விளையாடத் தெரிய வேண்டும்" என்பார்கள். இல்லை, நன்றாக எழுதத் தெரிய வேண்டும்.

"கேம் படுத்துவிட்டது" என்று எழுதினால் புரோகிராமர் சிரிப்பார் (அல்லது அழுவார்). ஒழுங்கான ஒரு பக் ரிப்போர்ட் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

தலைப்பு: மூன்றாவது லெவல், கோட்டை வாசல் - கதவு மூடும்போது குதித்தால் ஹீரோ தரைக்குக் கீழே விழுகிறான்.
செய்முறை: 1) மூன்றாவது லெவலைத் தொடங்கவும். 2) வில்லைக் கையில் எடுக்கவும். 3) கோட்டைக் கதவுக்கு அடியில் நிற்கவும். 4) கதவு பாதி இறங்கும்போது குதிக்கவும்.
நடக்க வேண்டியது: ஹீரோ கதவில் மோதித் தரையில் நிற்க வேண்டும்.
நடந்தது: தரையைத் துளைத்துக்கொண்டு விழுகிறான். கேமை மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.
எத்தனை முறை: 10-க்கு 3.

அந்தக் கடைசி வரியில்தான் டெஸ்டரின் பாடு முழுக்க அடங்கியிருக்கிறது. 10-க்கு 10 நடந்தால் பிரச்சினையே இல்லை, யார் வேண்டுமானாலும் செய்து காட்டலாம். 10-க்கு 3 என்றால் அந்த மூன்று தடவையும் எது ஒரே மாதிரி இருந்தது என்று யோசிக்க வேண்டும். கையில் வில் இருந்ததாலா? கதவு பாதி இறங்கியதாலா? அதற்கு முன்னால் மெனுவைத் திறந்து மூடியதாலா? ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து மறுபடி செய்து பார்க்க வேண்டும். இது பிளஸ் டூ பிராக்டிகலில் செய்யும் அதே பரிசோதனைதான். வெர்னியர் காலிபருக்குப் பதில் கண்ட்ரோலர், அவ்வளவே.

இவ்வளவும் செய்து அனுப்பினால் பதில் எப்படி வரும்? "இங்கே அப்படி நடக்கவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். அல்லது "அது அப்படித்தான் டிசைன் செய்யப்பட்டிருக்கிறது" என்பார்கள். எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சலைக் கிளப்பும் பதில் ஒன்று உண்டு: "சரி செய்யப்போவதில்லை." இந்தப் பதிலைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம். கதையின் வில்லனே அதுதான்.

பேங்க் சாஃப்ட்வேர் மாதிரி இல்லையா?

இன்ஜினியரிங் காலேஜ்களில் கேம்பஸ் இண்டர்வியூ நேரத்தில் "டெவலப்மெண்ட் கிடைக்குமா, டெஸ்டிங்கில் போட்டுவிடுவார்களா" என்று ஒரு பயம் ஓடும். அந்த டெஸ்டிங்குக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஆனால் பேங்க் சாஃப்ட்வேரில் 500 ரூபாய் எடுத்தால் 500 ரூபாய் குறைய வேண்டும் என்று ஒரு விடை இருக்கிறது. கேமில் ஆடுபவர் என்ன செய்வார் என்று கடவுளுக்கே தெரியாது.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு கேமில் 20 ஆயுதம், 30 வகை எதிரி, 50 இடம், 4 வானிலை, இரவு பகல் என்று 2 நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் 2,40,000 சேர்க்கைகள். ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்றால் 4,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் வேலை செய்யும் ஒருவருக்கு 500 நாள். இதற்குள் ஒரு புது பில்ட் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்!

இன்னொரு கணக்கு. 50 டெஸ்டர்கள் தினம் 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள் ஆடினால் மொத்தம் 1 லட்சம் மணி நேரம். கேம் வெளியான அன்றைக்கு 10 லட்சம் பேர் ஆளுக்கு ஒரே ஒரு மணி நேரம் ஆடினால் 10 லட்சம் மணி நேரம். அதாவது டெஸ்டர்கள் ஒரு வருஷம் முழுக்கப் பார்த்ததைப் போல் பத்து மடங்கை மக்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். "இதைக்கூடக் கண்டுபிடிக்காமல் டெஸ்டர் என்ன புடுங்கிக்கொண்டிருந்தார்?" என்று திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

யாருமே எதிர்பார்க்காத சேர்க்கைக்கு மிகப் பிரபலமான உதாரணம் 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் நடந்தது. ஹக்கார் என்ற ஒரு பெரிய எதிரி, தன்னோடு சண்டை போடுபவர்கள் மேல் ஒரு ரத்த நோயை ஏவுவான். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அது தொற்றும். அந்தக் கோட்டைக்குள்ளேயே தீர்ந்துபோக வேண்டிய நோய் அது. ஆனால் ஆட்டக்காரர்கள் கூடவே வளர்ப்பு மிருகங்களையும் கூட்டிப் போனார்கள். நோய் பிடித்த மிருகத்தை உள்ளே அனுப்பி வைத்துவிட்டு, ஊருக்குள் வந்து மறுபடி கூப்பிட்டால் நோயோடு வந்து நின்றது. அவ்வளவுதான், நகரத் தெருக்களில் எலும்புக்கூடாகக் குவிந்தது. கடைசியில் கம்பெனி கேமையே மாற்றித்தான் அடக்க வேண்டியிருந்தது. தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்து 2007-ல் மருத்துவப் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார்கள். மிருகத்தை உள்ளே அனுப்புவது ஓர் அம்சம், நோய் தொற்றுவது இன்னோர் அம்சம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன!

பிழையாக வந்து பெருமையானவை

எல்லாப் பிழையும் கெட்ட பிழை இல்லை. சிலது கேம் உலகத்தின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது.

1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மீதி ஆட்கள் வேகமாக நகர்வார்கள். படபடப்பு ஏறும். இது யோசித்துச் செய்த தந்திரமில்லை. அந்தக் காலத்துப் பிராசஸரால் அத்தனை பேரையும் ஒரேயடியாக வேகமாக வரைய முடியவில்லை. ஆட்கள் செத்துக் குறைந்ததும் அதற்கு மூச்சு வந்தது. உருவாக்கிய தோமோஹிரோ நிஷிகாடோ இதைப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிட்டார்.

1986-ல் கிரேடியஸ் கேமை வீட்டில் ஆடும் நிண்டெண்டோ மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்த கஸுஹிஸா ஹஷிமோட்டோவுக்கு ஒரு சிக்கல். கேம் ரொம்பக் கஷ்டம், அவராலேயே கடைசி வரை ஆடிச் சோதிக்க முடியவில்லை. அதனால் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதமும் கிடைக்கிற மாதிரி தனக்கென்று ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டார். கேம் வெளியானபோது அது உள்ளேயே இருந்துவிட்டது. பிறகு காண்ட்ரா கேமில் இதே வரிசை 30 உயிர் கொடுத்ததும் உலகப் புகழ். "கொனாமி கோட்" என்று இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பிறந்தது டெஸ்டிங்குக்காக!

1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாராகிக்கொண்டிருந்தபோது, காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தார் தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனமிஸு. நேரம் பார்த்து அடித்தால் ஓர் அடியோடு அடுத்த அடி ஒட்டிக்கொண்டு விழுவதைக் கவனித்தார். இதைப் பயன்படுத்துவது ரொம்பக் கஷ்டம், யாருக்கும் வராது என்று நினைத்து அப்படியே விட்டார்கள். அதுதான் "காம்போ". அதற்கப்புறம் வந்த சண்டை கேம்களில் காம்போ இல்லாததைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

போக்கிமானின் மியூ கதையும் இதே ரகம். 1996-ல் முதல் கேம் முடிந்து, டெஸ்டிங்குக்காக உள்ளே வைத்திருந்த சமாச்சாரங்களை எடுத்ததும் கொஞ்சம் இடம் காலியானது. மொத்தம் 300 பைட். ஷிகேகி மோரிமோட்டோ என்ற புரோகிராமர் அந்த இண்டு இடுக்கில் மியூவை நுழைத்துவிட்டார்.

பிழையைப் பற்றிய பிழையான கதைகளும் உண்டு. "சிவிலைசேஷன் கேமில் காந்தி ஏன் அணுகுண்டு போடுகிறார் தெரியுமா? அவருடைய கோப அளவு 1. ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாததால் 255 ஆகிவிடும்!" என்று ஒரு கதை பல வருஷம் சுற்றியது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். 1991-ல் வந்த அந்த கேமை உருவாக்கிய சிட் மேயரே 2020-ல் வெளியான தன் புத்தகத்தில் அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். இதே மாதிரி எண் நிரம்பி வழிந்த நிஜமான கேஸ் வேண்டுமென்றால் 1980-ல் வந்த பேக்-மேனைப் பார்க்கலாம். 8 பிட்டில் 0 முதல் 255 வரைதான் எண்ண முடியும். 256-ஆவது லெவலுக்கு வந்தால் திரையின் வலது பாதி எழுத்தும் எண்ணுமாகக் கலைந்துபோய், மேற்கொண்டு முடிக்கவே முடியாது. இத்தனை தூரம் ஒருவன் ஆடுவான் என்று யார் நினைத்திருப்பார்கள்?

திருத்த முடியாத காலமும் திருத்திக்கொள்ளலாம் என்ற காலமும்

கேட்ரிட்ஜ் காலத்தில் கேம் ஃபேக்டரியை விட்டுப் போனால் போனதுதான். பிழை இருந்தால் லட்சக்கணக்கான வீட்டில் அதே பிழை சாகும்வரை இருக்கும். அதனால் சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்றும் தங்கள் மெஷினில் வரும் ஒவ்வொரு கேமையும் தாங்களே ஒருமுறை சோதித்துத்தான் உள்ளே விடும். நிண்டெண்டோவில் இதற்கு லாட்செக் என்று பெயர். சேவ் ஆகும்போது கண்ட்ரோலரைப் பிடுங்கினால் என்ன ஆகிறது, மெமரி கார்டு நிறைந்தால் சரியான செய்தி வருகிறதா என்று பட்டியல் போட்டுப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் திரும்பி வரும். அரியர் மாதிரி, மறுபடி எழுத வேண்டும்.

அப்படியும் தப்பிப் போவது உண்டு. 2006-ல் வீ மெஷினுக்கு வந்த செல்டா: ட்வைலைட் பிரின்சஸில் பீரங்கி இருக்கும் ஓர் அறையில் சேவ் செய்து வெளியேறினால், திரும்பி வரும்போது அங்கேயே மாட்டிக்கொள்ள வாய்ப்பிருந்தது. நிண்டெண்டோ வேறு டிஸ்க் மாற்றித் தர வேண்டியதாயிற்று. 2010-ல் மெட்ராய்ட்: அதர் எம் கேமில் ஒரு கதவு நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டவர்கள் சேவ் ஃபைல் உள்ள மெமரி கார்டையோ, மெஷினையேவோ கம்பெனிக்குப் பார்சலில் அனுப்பிச் சரி செய்து வாங்கினார்கள். ஒரு கதவுக்காகத் தபால் செலவு!

இப்போது இண்டர்நெட்டில் பேட்ச் அனுப்பலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதோடு "முதலில் விற்போம், பிறகு திருத்துவோம்" என்ற எண்ணமும் வந்துவிட்டது. இங்கேதான் அந்த "சரி செய்யப்போவதில்லை" மறுபடி வருகிறது.

கேம் வெளியாகப்போகும் கடைசி மாதங்களில் தினமும் ஒரு மீட்டிங் நடக்கும். கண்டுபிடித்த பிழைகளை வரிசையாக வைத்து, எதைத் திருத்துவது, எதை விடுவது, எதைப் பேட்சுக்குத் தள்ளுவது என்று முடிவு செய்வார்கள். தேதி, பணம், விளம்பரம் எல்லாம் அந்த மேஜையில் இருக்கும். முடிவெடுப்பவர் டெஸ்டர் இல்லை. அவர் சாட்சி மட்டும்தான், நீதிபதி இல்லை.

சரி, சாட்சி சொன்னதையே கேட்காமல் கேம் வெளியானால்? சாட்சியே இல்லாமல் வெளியானால் எப்படி இருக்கும் என்பதற்கு 2003-ல் வந்த பிக் ரிக்ஸ் என்ற லாரி ரேஸ் கேம் இருக்கிறது. மலை, பாலம், வீடு எல்லாவற்றுக்குள்ளும் லாரி புகுந்து போகும். ரிவர்ஸில் போனால் வேகத்துக்கு எல்லையே கிடையாது. போட்டிக்கு வந்த எதிர் லாரி கிளம்பவே கிளம்பாது. ஜெயித்தால் வரும் வாழ்த்துச் செய்தியிலேயே இலக்கணப் பிழை! பிறகு வந்த பேட்சில் எதிர் லாரி கிளம்பியது, ஆனால் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் நின்றுவிட்டது :-)

சிரித்துவிடலாம். 2020 டிசம்பர் 10-ல் வந்த சைபர்பங்க் 2077 விஷயம் அப்படியில்லை. பல வருஷ எதிர்பார்ப்பு, கோடிக்கணக்கில் விளம்பரம். பழைய பிளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது தள்ளாடியது. அடுத்த வாரமே சோனி தன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் மறுபடி உள்ளே விட்டது. அதற்கு முன், 2021 ஜனவரியில் கம்பெனித் தலைமை ஒரு வீடியோவில் மன்னிப்புக் கேட்டது. மக்கள் பார்த்த பிரச்சினைகளில் பெரும்பகுதி சோதனையில் தெரியவில்லை என்ற அர்த்தத்தில் அதிலேயே ஒரு வாக்கியமும் இருந்தது. உள்ளே வேலை செய்தவர்கள் சிலர் பத்திரிகையாளரிடம் அது சரியில்லை, நிறைய முன்பே தெரியும் என்றார்கள்.

டெஸ்டருக்கு இதைவிடக் கொடுமை வேறெதுவும் இல்லை. பார்க்காமல் விட்டது வேறு, பார்த்து எழுதி அனுப்பியும் விடப்பட்டது வேறு. வெளியே இருப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். "ரிப்போர்ட் கொடுத்தோம், இதோ பாருங்கள்" என்று அவரால் எடுத்துக் காட்டவும் முடியாது. ரகசியம் காப்பதாக முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

கடைசி நாற்காலி

கேம் கம்பெனியில் டெஸ்டரின் இடம் பெரும்பாலும் கடைசி. பல இடங்களில் அவர் கம்பெனி ஆளே இல்லை, காண்ட்ராக்ட் ஆள். கேம் முடிந்ததும் காண்ட்ராக்டும் முடியும். கடைசி மாதங்களில் இரவு பகல் பார்க்காத வேலை. கேம் முடிந்து ஓடும் பெயர் வரிசையில் சில சமயம் அவர் பெயர் இருக்காது. கல்யாண மண்டபத்தில் விடிய விடியப் பந்தி பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காரும்போது இலையே தீர்ந்துபோன கதை.

கொஞ்ச வருஷமாக இது மாறப் பார்க்கிறது. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் கால் ஆஃப் டியூட்டி கேமில் வேலை செய்த ரேவன் சாஃப்ட்வேரில், 12 டெஸ்டர்களின் வேலை முடிகிறது என்று அறிவித்தார்கள். சக டெஸ்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அது சங்கமாக மாறியது. 2022 மே மாதம் ஓட்டெடுப்பு. ஆதரவாக 19, எதிராக 3. அமெரிக்காவின் பெரிய கேம் கம்பெனி ஒன்றில் முதல் சங்கம் அமைத்தது புரோகிராமரோ ஓவியரோ இல்லை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த டெஸ்டர்கள்தான்! அதற்கு முந்தைய மாதம் தாய்க் கம்பெனியான ஆக்டிவிஷன் பிளிஸார்ட் சுமார் 1,100 தற்காலிக டெஸ்டர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டாலர் என்று அறிவித்தது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் ஜெனிமேக்ஸில் சுமார் 300 டெஸ்டர்கள் சங்கம் அமைத்தார்கள், கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாதமே, 2023 பிப்ரவரியில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் லூசியானா டெஸ்டிங் சென்டரில் 200-க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியது. ஒரு கை கொடுக்க, இன்னொரு கை பிடுங்க, இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியானால் போகலாமா, கூடாதா?

கிளாஸில் கேம் பைத்தியமாக இருக்கும் ஒவ்வொருவனுக்கும் இந்தக் கேள்வி உண்டு. இந்தியாவிலும் இந்த வேலை இருக்கிறது. புனே, ஹைதராபாத், பெங்களூரு பக்கம் பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் டெஸ்டிங் டீம் வைத்திருக்கின்றன.

போனால் நல்லது உண்டா? உண்டு. ஒரு கேம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அஸ்திவாரத்திலிருந்து பார்க்கக் கிடைக்கும் இடம் இதைவிட வேறில்லை. 2005-ல் காட் ஆஃப் வார் கேமை இயக்கிய டேவிட் ஜாஃபி சோனியில் டெஸ்டராகத்தான் நுழைந்தார். அப்சிடியன் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஃபியர்கஸ் அர்க்கார்ட்டும் இண்டர்ப்ளேயில் டெஸ்டராக ஆரம்பித்தவர்தான். ஆனால் இவர்கள் இரண்டு பேரை வைத்து "டெஸ்டிங் என்பது டிசைனர் ஆகப் படிக்கட்டு" என்று முடிவு கட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்தப் படிக்கட்டு மிகக் குறுகல். ஏறியவர்களின் பெயர் தெரிகிறது, கீழேயே நின்றவர்களின் பெயர் தெரிவதில்லை.

இன்னொரு விஷயமும் யோசிக்க வேண்டியது. இதைப் படிக்கட்டு என்று மட்டும் பேசுவதே ஒரு விதத்தில் அவமானம். இருபது வருஷம் இதே வேலை செய்து, ஒரு கேமை ஐந்து நிமிஷம் தொட்டதும் எங்கே ஒழுகும் என்று சொல்லிவிடக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். அது ஒரு தொழில், ஒரு கை. "இன்னும் டெஸ்டராத்தான் இருக்கியா?" என்று அவரைக் கேட்பது, நல்ல நர்ஸைப் பார்த்து "இன்னும் டாக்டர் ஆகலையா?" என்று கேட்பதற்குச் சமம்.

இதையெல்லாம் மெஷினே செய்துவிடாதா என்றால், ஒரு பகுதி ஏற்கெனவே செய்கிறது. சுவரில் மோதுவதைத் தானாக ஓடும் ஒரு புரோகிராம் இரவு முழுக்க அலுக்காமல் செய்யும். செய்யட்டும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் வளர்ப்பு மிருகத்தை நோயோடு ஊருக்குள் கூட்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க ஒரு குறும்புக்காரப் பையனின் மூளை வேண்டும். "இந்தச் சண்டை ஓடுகிறது, ஆனால் அலுப்பாக இருக்கிறது" என்று சொல்ல அலுப்பு தெரிந்த ஒருவர் வேண்டும்.

அதனால் போக நினைப்பவர்களுக்கு மூன்றே கேள்விகள். ஒரே இடத்தை நூறாவது தடவை பார்க்கும்போதும் கண் கூர்மையாக இருக்குமா? பார்த்ததை அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி நாலு வரியில் எழுத வருமா? சொன்னதை யாரும் கேட்காதபோதும், அடுத்த நாள் வந்து அதே அக்கறையோடு சொல்ல முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தைரியமாகப் போகலாம். காண்ட்ராக்ட் எத்தனை மாதம், ஓவர்டைமுக்குக் காசு உண்டா, கேமில் பெயர் வருமா என்று மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.

பி.கு: அடுத்த தடவை ஒரு கேமை முடித்ததும் ஓடும் பெயர் வரிசையை ஸ்கிப் பண்ணாமல் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். இசையமைப்பாளர், ஓவியர், நடிகர் எல்லாம் போனபிறகு, எழுத்து சின்னதாகி, நாலு காலமாக ஒரு நீளப் பட்டியல் வரும். ஹீரோ சுவருக்குள் விழாமல் கடைசி வரை வந்து சேர்ந்தது அவர்களால்தான்.